ஒரு பை குறைகிறது

லிப்ட்காரர் ஏதோ செய்திருக்கிறார் என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. என்ன செய்தார் என்பதில்தான் ஏழெட்டுக் கருத்து இருந்தது.

புதன்கிழமைக் காலைப் பேப்பரில் வந்தது இவ்வளவுதான்: தரையிறங்கிய விமானத்தில் புகை, நூற்று அறுபத்திரண்டு பயணிகள் உடைமைகளோடு பத்திரம், ஒருவரிடம் விசாரணை. பேர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? முந்தின நாள் சாயங்காலம் விமான நிலையத்து வண்டி ஒன்று அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனதை, காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மாடி வீட்டம்மா பார்த்திருந்தார். வெளியூர் போய்விட்டு வருகிற மனுஷன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தால் கேட்காமல் இருக்க முடியுமா?

"பை எங்கேங்க?" என்று மேலேயிருந்தே கேட்டார்.

"விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் லிப்ட்காரர்.

"எங்கே?"

"விமானத்துலதான்."

"மறந்துட்டீங்களா?"

"இல்லைங்க. தெரிஞ்சேதான்."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. அதனால்தான் இத்தனை வில்லங்கமும்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறவர். அந்த வேலையில் பாதி ஸ்பேனர் பிடிப்பது, மீதி அறிவிப்பு ஒட்டுவது. 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று அவர் ஒட்டிய தாளின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு பதினோரு பேர் ஏறுவார்கள். நடுவழியில் நின்றதும் அவருக்கே போன் போட்டு, "என்னய்யா லிப்ட் வச்சிருக்கே?" என்று கேட்பார்கள். இப்படிப் பட்டுப் பட்டு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் நின்று, கடைசி வரிவரை படித்து, அதன்படி நடந்துவிட்டுத்தான் நகர்வார். ஒட்டினவன் வயிற்றெரிச்சல் ஒட்டினவனுக்குத்தானே தெரியும்.

அவர் விமானம் ஏறினதே மகளுக்காக. நர்ஸ் படிப்பு முடித்தவள். பட்டச் சான்றிதழை வெளியூரில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். அவளுக்கு வார்டில் பயிற்சி. லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அதிகாரக் கடிதம் எழுதி அப்பாவை அனுப்பினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர். அடுத்த பெயர் யாரென்பதும் அவளுக்குத் தெரியும். கூடப் படித்தவள்தான். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண் மூன்று தடவை போன் செய்து, "சர்ட்டிபிகேட் கிடைச்சுதாடி?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழை மடிக்கக் கூடாது என்று கவுண்டரில் எழுதியிருந்தது. லிப்ட்காரர் அதையும் படித்தார். கெட்டி அட்டைக் கோப்பில் வைத்து, கோப்பைப் பழுப்பு நிறத் தோள்பையில் வைத்து, பையைத் தலைக்கு மேலே இருந்த பெட்டியில் வைத்தார்.

விமானம் இறங்கி, ஓடி, நின்றது. நின்றதும் பின்பக்கத்துச் சமையல் மூலையிலிருந்து புகை வந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு தாராளமாக. பணிப்பெண் கையில் ஒலிபெருக்கியோடு, "பைகளை விட்டுவிடுங்கள்! எதையும் எடுக்காதீர்கள்! உடனே வெளியேறுங்கள்!" என்று கரடியாகக் கத்தினார். அவர் கத்தக் கத்த, நூற்று அறுபத்திரண்டு ஜோடிக் கைகள் மேலே போயின. ஏதோ உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருந்தது.

லிப்ட்காரரின் கையும் பாதி தூரம் போனது. மகளுடைய சான்றிதழ் ஆயிற்றே. ஆனால் கதவு இடுக்கில் ஒரே ஒரு குடை சிக்கினால் பதினாலு மாடிக் கட்டடம் எப்படி ஸ்தம்பிக்கும் என்பதைப் பார்த்துப் பழகின கண் அது. தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். புகைக்குள் இருமல் கேட்டது. கையை இறக்கிக்கொண்டார்.

"நீங்க உயரமா இருக்கீங்க, அந்த நீலப் பையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்களேன்" என்றார் பக்கத்து இருக்கை அம்மாள்.

"விட்டுட்டு வாங்கம்மா. அதான் சொல்றாங்கள்ல."

"உங்க வீட்டுப் பையா, விட்டுட்டு வர்றதுக்கு?" என்று அந்தம்மாள் இருக்கை மேலேயே ஏறி நின்று எடுத்துக்கொண்டார்.

வெளியே விரித்துவிட்டிருந்த ரப்பர்ச் சறுக்குப் பாதையில் முதலில் போனது ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. அதைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் கூடவே போனார். அடுத்து மூன்று சக்கரப் பெட்டிகள், ஒரு கிதார், மறுபடி பெட்டிகள். முன்னால் போன பெட்டி பின்னால் வந்த காலை வாரியது. பதினோரு பேருக்குக் கணுக்கால் சுளுக்கியது. தொண்ணூறு நொடியில் காலியாக வேண்டிய விமானம் ஐந்தரை நிமிஷத்தில் காலியானது. கடைசியாக, "பையை விடுங்கள்!" என்று கத்திக்கொண்டே பணிப்பெண் தன் பெட்டியோடு சறுக்கி வந்தார். அது கம்பெனிப் பெட்டி என்பதால் கணக்கில் வராதாம்.

புல்வெளியில் தலை எண்ணினார்கள். எண்ண வந்த மேற்பார்வையாளர் அனுபவசாலி. பயணிகள் போன் பேசிக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பார்கள், பைகள் நடக்காது என்பது அவர் கண்ட உண்மை. "எல்லாரும் அவங்கவங்க பை பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பைகளின் வரிசையைப் பார்த்து எண்ணினார். நூற்று அறுபத்திரண்டு. பயணிகள் பட்டியலில் இருந்ததோ நூற்று அறுபத்து மூன்று. இன்னொரு தடவை எண்ணினார். அதே.

"ஒருத்தர் உள்ளே மாட்டிக்கிட்டாரு!" என்று வயர்லெஸ்ஸில் அலறினார்.

"சார், நான் இங்கே இருக்கேன்" என்றார் லிப்ட்காரர்.

"உங்க பை?"

"உள்ளே இருக்கு."

"அப்ப நீங்க இன்னும் இறங்கலை."

"இதோ நிக்கிறேனே சார்."

"நிக்கிறீங்க, சரி. எதுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க?"

லிப்ட்காரர் குனிந்து பக்கத்தில் பார்த்தார், புல்தான் இருந்தது. தீயணைப்பு வீரர்கள் நாலு பேர் முகமூடி போட்டுக்கொண்டு அவரைத் தேடி உள்ளே போனார்கள். அவரும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் அடுப்பில் கருகிப்போன ரொட்டித் தட்டு ஒன்றும், மேல்பெட்டியில் அநாதையாக ஒரு பழுப்புப் பையும் கிடைத்தன. ரொட்டியைக் குப்பையில் போட்டார்கள். பையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மகள் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை மட்டும் பார்த்தாள். மனைவிதான் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பையில வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

"வேற என்ன? ஒரு சட்டை, துண்டு, சீப்பு."

"எங்கிட்ட சொல்லக் கூடாத மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"சீப்புல ரெண்டு பல்லு இல்லை. அதைத்தான் உங்கிட்ட சொல்லலை."

"நூத்தி அறுபத்திரண்டு பேரு தூக்கிட்டு ஓடியாந்திருக்காங்க. நீங்க ஒருத்தர் மட்டும் விட்டுட்டு வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?" என்றாள். இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கே இப்படி என்றால் ஊரைச் சொல்லிக் குற்றமில்லை.

நகல் வாங்கலாமா என்று மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பார்த்தாள். வாங்கலாம், ஆறு மாதம் ஆகும், அதற்கும் ஒரிஜினல் தொலைந்துபோனதாகப் போலீஸ் தாள் வேண்டும் என்றார்கள். ஒரிஜினல் தொலையவில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள். அப்படியானால் நகல் கிடையாது என்றார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு லிப்ட்காரர், பையை வைத்திருந்த வான்பயணப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போனார். ஏழு மாடிக் கட்டடம். லிப்டில் ஏறினவர் பழக்க தோஷத்தில் எண்ணிப் பார்த்தார்: ஆறு பேருக்கான லிப்டில் ஒன்பது பேர். எல்லோர் கழுத்திலும் 'பாதுகாப்பே முதன்மை' என்று நாடா தொங்கியது.

கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்காவது கேள்வி: 'அவசர வெளியேற்றத்தின்போது பையை எந்தக் கையில் எடுத்து வந்தீர்கள்? வலது / இடது / இரண்டும்.'

"எந்தக் கையிலயும் எடுத்துட்டு வரலைங்க" என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே."

"காலியா விட்டுடட்டுமா?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. உங்களுக்குச் சோத்துக்கை எது?"

"வலது."

"அப்ப வலதுன்னு போடுங்க. ஒரு பேச்சுக்குத்தானே."

லிப்ட்காரர் போடவில்லை. படிவத்தின் ஓரத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதினார். குமாஸ்தா அந்தத் தாளை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, நனைந்த துணியைக் கொண்டுபோகிற மாதிரி விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோனார்.

விசாரணை அதிகாரி எந்நேரமும் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பேனாமூடி என்றே பேர். அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. சன்னலோரத்து மேசையில் 'உடைமைப் பிரிவு' என்று பலகை. அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பையை விட்டுட்டு இறங்கியிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

"விட்டுட்டு இறங்கச் சொன்னாங்க."

"யாரு?"

"பணிப்பெண்."

"உங்ககிட்ட மட்டுமா சொன்னாங்க?"

"எல்லார்கிட்டயும்தான் சார்."

பேனாமூடி முன்னால் குனிந்தார். "எல்லார்கிட்டயும் சொன்னதை நீங்க மட்டும் ஏன் கேட்டீங்க?"

லிப்ட்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே தன் மேல் லேசாகச் சந்தேகம் வந்தது.

"என் சர்வீஸ் பத்தொன்பது வருஷம்" என்றார் பேனாமூடி. "ஏழு வெளியேற்றம் பாத்திருக்கேன். ஆயிரத்துச் சொச்சம் பயணிகள். ஒருத்தர் விட்டதில்லை. பையை விட்டுட்டு ஓடுறவன் ரெண்டே வகை. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதவன் ஒரு வகை; அதாவது அது அவன் பையே இல்லை. உள்ளே என்ன இருக்குன்னு ரொம்ப நல்லாத் தெரிஞ்சவன் இன்னொரு வகை. நீங்க எந்த வகை?"

"தெரிஞ்ச வகைதான் சார். பொண்ணோட சர்ட்டிபிகேட் இருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள..."

"அவ்வளவு முக்கியமான பொருளா?"

"உயிர் மாதிரி சார்."

"அதை விட்டுட்டு வந்தீங்க." பேனாமூடி அதைக் குறித்துக்கொண்டார். "சும்மாவா சார் எலி அம்மணமா ஓடும்? இன்னொண்ணு. விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கைப் பையில இருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து ரெண்டு பக்கமும் படிச்சிருக்கீங்க. பணிப்பெண் ரிப்போர்ட் குடுத்திருக்காங்க."

"படிக்கத்தானே சார் வச்சிருக்காங்க?"

"வச்சிருக்கிறது சட்டத்துக்கு. பதினோரு வருஷமா அந்த அட்டையை நாங்க புதுசா அச்சடிக்கலை. ஏன் தெரியுமா? தேயவே இல்லை. அப்படிப்பட்ட அட்டையை ஒருத்தன் திருப்பித் திருப்பிப் படிக்கிறான்னா, ஏதோ நடக்கப் போகுதுன்னு அவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணுமா இல்லையா?"

"அப்ப ரொட்டியை நான்தான் கருக்கினேன்னு சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லலை. நீங்கதான் இப்ப சொன்னீங்க" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

பையை எப்போது தருவீர்கள் என்று கேட்டதற்கு, அது கவனிப்பாரற்ற பொருள், பதினான்கு கையெழுத்து வேண்டும், அதற்கு முன் அவருடைய மனநிலையைச் சோதித்தாக வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார்.

வியாழக்கிழமை சோதனை. வாரியத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாதி விமானம் செய்து வைத்திருந்தார்கள்: பன்னிரண்டு இருக்கை, மேல்பெட்டிகள், ஒரு கதவு, புகை விடுகிற இயந்திரம். ஒப்பிட்டுப் பார்க்க வாரியத்து ஊழியர்கள் ஆறு பேரும் கூட உட்கார்ந்தார்கள். பார்வையாளர் வரிசையில் வாரியத் தலைவரே வந்து உட்கார்ந்திருந்தார். 'பையை விடுங்கள்' என்று பதிவு செய்த குரல் ஒலித்தது. புகை வந்தது. ஆறு ஊழியர்களும் பையோடு வெளியே வந்தார்கள். அதில் ஒருவர், பக்கத்தில் இருந்தவர் பையையும் சேர்த்து எடுத்து வந்தார். லிப்ட்காரர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"பதட்டப்படாதீங்க, இயல்பா இருங்க" என்று சொல்லி மறுபடி உட்கார வைத்தார்கள். மறுபடியும் வெறுங்கை.

பையில் மதிப்புள்ள பொருள் இல்லாததுதான் கோளாறு என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அவருடைய போன், வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் வாங்கிப் பையில் போட்டு மேலே வைத்தார்கள். குரல் வந்தது, புகை வந்தது, லிப்ட்காரரும் வந்தார். தடுமாறிக்கொண்டு வந்தார், கண்ணாடி இல்லை அல்லவா.

"சார், என் சாவி?"

"எங்கே வச்சீங்க?"

"நீங்கதான் பையில போட்டீங்க."

"பையை?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பையைச் சுற்றியும் கயிறு கட்டினார்கள்.

பிறகு தலைவர் எழுந்து பேசினார். மைக் இல்லாவிட்டாலும் மைக் முன்னால் நிற்பது போலவே பேசுகிற மனிதர்.

"நண்பர்களே! 'பையை விட்டுவிடுங்கள்' என்று நாம் அறிவிப்பது ஒரு மரபு. விழாவுக்கு வருகிறவர்களை 'வருக வருக' என்கிறோம். அதற்காக யாரும் இரண்டு தடவை வருவதில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரும் இவரைப் போலவே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விமானம் ஒன்றரை நிமிஷத்தில் காலியாகியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் காலும் சுளுக்கியிருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே நூற்று அறுபத்து மூன்று பைகள் கிடந்திருக்கும்! ஒரு பைக்குப் பதினான்கு கையெழுத்து. யார் போடுவது? நானா? பயணிகள் உயிரைக் காப்பாற்ற நமக்கு அதிகாரம் இருக்கிறது, ஆள் இல்லை. பயணிகள் தங்கள் பைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஓடுவதால்தான் இந்த வாரியம் இருபது வருஷமாகச் சிறப்பாக இயங்குகிறது. சொன்னதைக் கேட்கிற பயணியை எதிர்பார்த்து எந்த விதியும் எழுதப்படவில்லை. இவர் விதியை மீறவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்திருக்கிறார். விதியை நம்பியிருக்கிறார்."

கை தட்டினார்கள். லிப்ட்காரரும் மரியாதைக்குத் தட்டினார்.

அன்று அவர் நடந்தே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். வந்து திறந்த மனைவி, கண்ணாடியில்லாத முகத்தைப் பார்த்துவிட்டு, "போன்?" என்றாள். "சாவி?" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "நாளைக்கு வேட்டியைப் பத்திரமா கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

உள்ளறையில் மகள் யாரிடமோ போனில், "இல்லடி, இன்னும் கையில வரலை. ஆமா, நாளைக்குத்தான் கடைசி. இல்லை, நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். லிப்ட்காரர் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வாரியத்தில் போய் உட்கார்ந்தார். பேனாமூடி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பன்னிரண்டு ஆயிற்று. சாப்பாட்டு வேளை என்றார்கள். இரண்டு மணிக்குப் பேனாமூடி பல்லைக் குத்திக்கொண்டே கூப்பிட்டார்.

"பாருங்க, எனக்கு உங்க மேல தனிப்பட்ட விரோதம் இல்லை. உங்க கேஸை முடிக்க எனக்கு ஒரு காரணம் வேணும். 'சொன்னாங்க, கேட்டேன்'ங்கிறதை எந்த மேலதிகாரியும் நம்ப மாட்டான். மனுஷன் நம்புற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எப்படி சார்?"

"எடுக்கத்தான் பார்த்தீங்க. பெட்டிக் கதவு சிக்கிக்கிச்சு. பின்னாடி இருந்தவங்க தள்ளிட்டாங்க. வேற வழியில்லாம இறங்கினீங்க. எவ்வளவு இயற்கையா இருக்கு பாருங்க!"

"கதவு சிக்கலை சார். நல்லா எண்ணெய் போட்டு வச்சிருந்தாங்க."

"உங்க பொண்ணு வேலைக்கு எத்தனை மணி வரைக்கும் நேரம்?"

லிப்ட்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் முள் தெரியவில்லை. "மணி என்ன சார்?" என்று கேட்டார்.

"ரெண்டே கால்."

அவர் பேனாவை வாங்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் அறிவிப்பு எழுதிப் பழகின கை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. 'நான் என் பையை எடுக்க இரண்டு கைகளாலும் முயன்றேன். கதவு சிக்கியதால் முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளியதால் மிகுந்த மனவருத்தத்துடன் இறங்கினேன்.'

"அழுதேன்னும் சேர்த்துக்குங்க" என்றார் பேனாமூடி. "உடைமைப் பாசம் தெரியணும்."

சேர்த்தார்.

அதுவரை இரண்டு நாளாக நடக்காத பதினான்கு கையெழுத்தும் இருபது நிமிஷத்தில் விழுந்தன. குமாஸ்தா தேநீர் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நம்மாள் என்று தெரிந்துவிட்டால் வருகிற சிரிப்பு அது. போன், சாவி, கண்ணாடி வந்தன. பழுப்புப் பையும் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தார். சான்றிதழ் மடங்காமல் இருந்தது. பையை ஒப்படைப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று பொதுத்தொடர்பு அம்மாள் ஒருவர் கேமராவோடு வந்தார்.

"பையைக் கொஞ்சம் கட்டிப்பிடிங்க சார். இன்னும் இறுக்கமா. கன்னத்தோட வைங்க. சூப்பர்."

நாலு இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து குதித்தார். மகள் அங்கே பதினொன்றரையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கோப்பை வாங்கிக்கொண்டு ஓடினாள். நாலு ஐம்பதுக்குத் திரும்பி வந்தபோது நடந்து வந்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது.

"எப்படிப்பா குடுத்தாங்க?"

"கேட்டேன், குடுத்தாங்க."

அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் தெருவும் நினைத்தது. நாற்பது நாள் கழித்து வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்குகிற சாக்கில் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாடி வீட்டம்மாவுக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. லிப்ட்காரர் சத்தமாகப் படித்தார், தான் படிப்பது தனக்கே புரிய வேண்டும் என்பதற்காக.

'அவசர வெளியேற்றத்தின்போது அறிவிப்பை மீறித் தாங்கள் பையை எடுக்க முயன்றது தங்கள் கைப்பட எழுதிய வாக்குமூலத்தால் நிரூபணமாகிறது. ஆகவே ஓராண்டுக்குத் தாங்கள் விமானத்தில் பயணம் செய்யத் தடை விதிக்கப்படுகிறது.'

அன்று வார்டில் இருந்துவிட்டு வந்த மகளிடம், தடை போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மறுநாளே வாரியத்துக்கு ஓடினார். அதே அறை. பேனாமூடி இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னொரு மேசையில் உட்கார்ந்திருந்தார். அதில் 'ஒழுங்குப் பிரிவு' என்று பலகை.

"சார், நீங்க சொல்லித்தானே எழுதினேன்!"

"அது உடைமைப் பிரிவு சொன்னது" என்று பேனாமூடி சன்னலோரத்து மேசையைக் கையால் காட்டினார். "அங்கே போய்க் கேளுங்க."

"அங்கே யாரும் இல்லையே சார்."

"திங்கள், புதன், வெள்ளி வருவேன்."

"மத்த நூத்தி அறுபத்திரண்டு பேரும் நிஜமாவே எடுத்துட்டு வந்தாங்களே சார்? அவங்களுக்குத் தடை இல்லையா?"

"எடுத்தாங்கன்னு அவங்க யாரும் எழுதிக் குடுக்கலையே. எழுத்துல ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். உங்க நேர்மையைத் தலைவர் ரொம்பப் பாராட்டினார்." பேனாமூடி மூடியை வாயிலிருந்து எடுத்தார். "அழுதேன்னு வேற எழுதியிருக்கீங்க. அதான் ஆறு மாசத்தை ஒரு வருஷமாக்கிட்டாங்க."

அடுத்த மாதம் மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியின் வெளியூர்க் கிளையில் சேர வேண்டும். விமான டிக்கெட்டும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். வழியனுப்ப அவரும் மனைவியும் விமான நிலையத்துக்குப் போனார்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை நின்றது. அதில் லிப்ட்காரர் பழுப்புப் பையைக் கன்னத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கண்கள் சொருக நின்றார். கீழே பெரிய எழுத்தில்: 'உயிரைவிடப் பை பெரிதா? இவரைப் போல் இருக்காதீர்கள்.'

மனைவி முதலில் பதாகையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்வதற்கில்லை.

தள்ளுவண்டியில் ஐந்து பெட்டி அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் பதாகையருகே நின்றார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, வண்டியை ஒரு முழம் தள்ளியே ஓட்டிக்கொண்டு போனார்.

மகள் சிரிக்கவில்லை. பதாகையில் கீழ்மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அப்பாவைப் போலவே அவளும் கடைசி வரிவரை படிக்கிறவள். 'பயணியின் சொந்த வாக்குமூலத்தின் அடிப்படையில்.'

"நீங்க எடுக்கப் பார்க்கவே இல்லையேப்பா" என்றாள்.

"இல்லைம்மா."

"அப்புறம் ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்ப."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

லிப்ட்காரர் அவள் பெட்டியின் கைப்பிடியை அவள் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்றார். "மணி வேற ரெண்டே கால் ஆயிடுச்சு."